கண்ணாடி வகுப்பு

டேப் ரெக்கார்டர் மாடிப்படி ஏறி வந்தபோதே ஃப்ளோரன்ஸ் டீச்சர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்த பியூன் வைரவன் அதை மேஜைமேல் இறக்கிவிட்டு, "இன்னா கனம் கீது டீச்சர், உள்ள எவனாவது குந்திகினு கீறானா?" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் பின்னாலேயே முதலாளி சுயம்புலிங்கம் வந்தார். முகமெல்லாம் பல். பினாங்கிலிருந்து மைத்துனர் கப்பலில் கொண்டுவந்து கொடுத்த சாமான் அது. பழைய வேட்டியால் ஒருமுறை துடைத்தார். போதாதென்று தன் கைக்குட்டையால் இன்னொருமுறை துடைத்தார்.

பாண்டி பஜாரில் கீழே அண்ணன்மார் ஜவுளிக்கடை நடத்தினார்கள். மேலே தம்பி சுயம்புலிங்கம் நடத்தியது நவயுக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையம். எம்.ஏ. படித்துவிட்டுத் துணி கிழித்துக் கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்து ஆரம்பித்தது. வருஷம் திரும்புவதற்குள் இழுத்து மூடிவிடுவான் என்று அண்ணன்மார் காத்திருந்தார்கள். மூடவில்லை. அதற்குக் காரணம் ஃப்ளோரன்ஸ்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்கிற ஆள் அவர் இல்லை. மனிதர் பேச்சில் படு கருமி. ஒருவரை வேலைக்கு எடுத்தால் "வாங்க" என்பார். அனுப்புவதென்றால் "போங்க". போன தீபாவளிக்கு முன் ஒரு கிளார்க் ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, இதே மேஜை முன் நின்று அழுதார், கெஞ்சினார், பிள்ளைகள் பேரைச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு சுயம்புலிங்கம் "போங்க" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அன்றைக்கு மட்டும் அவருக்குப் பேச்சு வந்தது. இனிமேல் பரீட்சை இந்த மெஷினில்தான் என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள் அறைக்குப் போய், மைக் முன்னால் தனியாக நின்று, சொல் அட்டைகளைப் படிக்க வேண்டும். பேர் சொல்லக்கூடாது. யார் எந்த வரிசையில் போனார்கள் என்று டீச்சருக்குத் தெரியக்கூடாது. பிறகு டீச்சர் டேப்பைப் போட்டுக் கேட்டு நம்பருக்கு மார்க் போட வேண்டும். டீச்சர் வேண்டியவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார் என்று ஒரு தகப்பனார் புகார் சொன்னாராம்.

"மொகம் தெரியாது, பேர் தெரியாது. வெறும் குரல்தான். இனிமே எவனாவது வாயத் தொறப்பானா?" என்றார்.

நல்ல யோசனை சார் என்றாள் ஃப்ளோரன்ஸ். வேறென்ன சொல்வாள், பாவம்.

அவளுக்குக் காது கேட்காது.

சில வருஷங்களுக்கு முன் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். ஊசி நெஞ்சைக் காப்பாற்றிவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. முதலில் ஓயாத ரீங்காரம். பிறகு 'எஸ்', 'எஃப்' மாதிரிக் காற்றுச் சத்தங்கள் காணாமல் போயின. மற்றவையும் மெல்ல மெல்லக் கிளம்பிப் போயின. இப்போது பக்கத்தில் நின்று யாராவது பேசினால், அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு முனகல் மட்டும் எட்டும். மற்றதெல்லாம் அவள் கண்ணால் கேட்பதுதான். பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை அவளே விட்டாள்; அத்தனை பெரிய வகுப்பில் எந்த மூலையிலிருந்து யார் வாயசைக்கிறார்கள் என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும்.

இங்கே வந்ததும் அவள் போட்ட முதல் சட்டம், முகம் பார்த்துப் பேசு என்பது. இரண்டாவது, ஆளுக்கொரு கைக்கண்ணாடி. உதடு ஒட்டுகிறதா, நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா, நீயே பார்த்துத் திருத்திக்கொள் என்பாள். 'டபிள்யூ'வுக்கு உதடு குவிய வேண்டும். 'வி'க்கு மேல்பல் கீழுதட்டில் போய் உட்கார வேண்டும். சுயம்புலிங்கம் எம்.ஏ.வுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். அவர் பல் உதட்டின் பக்கமே போகாது. சம்பளம் கொடுக்கிறவர் வாயில் போய்க் கண்ணாடியை நீட்ட முடியுமா? இரண்டு வருஷத்தில் மாம்பலம் முழுக்க இதற்குக் கண்ணாடி வகுப்பு என்று பேராகிவிட்டது. இந்த முறையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம் சுயம்புலிங்கம், ஃபாரின் முறை என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல் அட்டைகள் மட்டும் அவர் கைவேலை. முன்பக்கம் சொல், பின்பக்கம் எளிய ஆங்கிலத்தில் அதன் பொருள். எழுத்து குறைவாக இருந்தால் வெள்ளை அட்டை, சுலபம். கொஞ்சம் நீண்டால் மஞ்சள். ஒரே மூச்சில் சொல்ல முடியாதென்றால் சிவப்பு, கடினம். ஃப்ளோரன்ஸுக்கு இது அப்படியே தலைகீழ். 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்கிற சிவப்பு அட்டையெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அத்தனை நீளத்தில் எங்காவது ஓர் இடத்தில் உதடு காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைதான் எமன். முதுகில் தட்டுகிற பேட், கிரிக்கெட் பேட், கால் துடைக்கிற மேட், மூன்றுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டி ஒரே மாதிரி பிரியும். அந்த அட்டைகள் வந்தால், திருத்துகிற சாக்கில் பக்கத்தில் போய்ப் பிள்ளையின் கையை எட்டிப் பார்த்துக்கொள்வாள். இப்போது உதடும் இல்லை, கையும் இல்லை.

சாந்தோமில் அவளும் அக்கா வெரோனிகாவும் ஒரு போர்ஷனில் இருந்தார்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அக்காவைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கவைத்து அட்டைகளைப் படிக்கச் சொன்னாள். எவ்வளவோ காதைத் தீட்டினாள். திரை லேசாக ஆடியது. ஏதோ முனகல் வந்தது. கேட்டதாகத் தோன்றியதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வெரோனிகா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முகமே பலனைச் சொல்லிவிட்டது.

"அவர்கிட்ட சொல்லிடேன் ஃப்ளோரா."

"சொன்னா போங்கன்னுவார்."

"சொல்லாம மாட்டிக்கிட்டா?"

"அப்பவும் போங்கதான்."

ஃப்ளோரன்ஸுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். காது கேளாத உச்சரிப்பு டீச்சர் என்று சொல்லிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தமும் தனக்குக் கேட்காது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

சனிக்கிழமை பரீட்சை. எழுதுகிறவர்கள் ஒன்பது பேர். சுயம்புலிங்கம் உள் அறையில் மெஷினை ஓடவிட்டுவிட்டு, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் பால்கனியில் நின்றார். நேரம் ஆனதும் கைமணியை ஆட்டுவார். உள்ளே இருப்பவர் வந்து அடுத்தவர் போக வேண்டும். டீச்சர் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று கட்டளை. ஆனால் தாகத்துக்குக் கட்டளை உண்டா? பானை நடையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள் அறைக் கதவு தெரியும். அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் டீச்சர் குடித்த தண்ணீரைப் பார்த்து வைரவனே பயந்துபோனான். கடைசிப் பிள்ளை வெளியே வந்தபோது வரிசை முழுவதும் அவள் மனசில் இருந்தது. முதலில் தங்கபுஷ்பம், பிறகு ரத்னா, மூன்றாவது ஜவஹர், ஆறாவதாக சகினா.

அப்புறம் மெஷினும் அவளும் தனியாக. கதவைச் சாத்திக்கொண்டு டேப்பை ஓடவிட்டாள். மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு. காதில் வந்ததும் ஏறக்குறைய அதுதான். குரல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நம்பரை நகர்த்தினாள். மார்க்கை மனசிலிருந்து போட்டாள். ஒவ்வொரு வாயும் எங்கே இடறும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒன்று: 'எஃப்' வரவில்லை, 'ப' என்கிறார். மூன்று: நாக்கு பல்லுக்கு வெளியே வரவில்லை. ஆறு என்று எழுதியபோது அவளை அறியாமல் சிரித்தாள். திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் மாறி வருகிற சகினாதான் அவளுடைய வகுப்பிலேயே அழகாக வாய் திறக்கிற பெண். ஒரு சொல்லைக்கூடச் சிதைக்க மாட்டாள். குறையே இல்லை என்று எழுதி முதல் மார்க் போட்டாள்.

தாளை ஒப்படைத்துவிட்டுப் போகிற வழியில் சாந்தோம் கோயிலில் இறங்கி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். எதற்கு என்று மாதாவிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சுயம்புலிங்கமே வந்து மார்க் படித்தார். சகினா பேரைப் படித்தபோது மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். சகினா மட்டும் எழுந்து நிற்கவில்லை. வெட்கம் என்று நினைத்தாள் ஃப்ளோரன்ஸ். சுயம்புலிங்கம் மேலே படித்தார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம், கீழே ஜவுளிக்கடையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி கட்டி, முதல் மார்க் வாங்கிய குரலைப் போட்டுக் காட்டப்போகிறார். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வெட்கம் இல்லை இது என்று ஃப்ளோரன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

வகுப்பு கலைந்ததும் சகினா ஆபீஸ் அறைக்கு வந்தாள். அங்கே சுயம்புலிங்கம் முதுகைக் காட்டிக் குனிந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை பார்க்க டேப்பைக் கோத்துக்கொண்டிருந்தார். சகினா அவர் முதுகை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஃப்ளோரன்ஸுக்கு எதிரே வந்து நின்று, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, கண்ணாடி வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் பேசினாள்.

நான் பேசவே இல்ல டீச்சர்.

சத்தம் வரவில்லை என்று ஃப்ளோரன்ஸுக்கு எப்படித் தெரிந்தது என்றால், மூன்றடி தூரத்தில் இருந்த சுயம்புலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சகினாவின் உதடு மறுபடி அசைந்தது. மைக் முன்னால நின்னேன். எதிர்ல மொகம் இல்ல. யாரப் பார்த்துப் பேசறதுன்னு தெரியல. மணி அடிச்சுது, வந்துட்டேன். நீங்க எனக்கு முதல் மார்க் போட்டிருக்கீங்க.

அவள் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் ஃப்ளோரன்ஸால் தாங்க முடியாததாக இருந்தது. முகம் பார்த்துப் பேசு, முகம் பார்த்துப் பேசு என்று சொல்லிச் சொல்லி, முகம் இல்லாத இடத்தில் வாயே திறக்காதபடி ஒரு நல்ல பெண்ணை ஆக்கி வைத்திருக்கிறாள். அதுவும் தன் காதுக்காக.

இதற்குள் டேப் சுழல ஆரம்பித்திருந்தது. சுயம்புலிங்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு திருகைத் திருகினார், இன்னொன்றைத் திருகினார். மெஷினின் மண்டையில் தட்டினார். நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். பிறகு மைத்துனரைப் பற்றி ஏதோ மரியாதையில்லாமல் சொல்லிக்கொண்டே திரும்பினார்.

"மத்தவங்க எல்லாம் இருக்கு, இவ குரலு மட்டும் இல்ல. மெஷின் கோளாறு போல. என்ன பிள்ளே, நீ பேசினியா இல்லியா?"

பேசவில்லை என்றால் டீச்சர் தொலைந்தாள். பேசினேன் என்றால் பழி மெஷின்மேல் போய்விடும், டீச்சர் தப்பிப்பாள். சகினா தரையைப் பார்த்தாள்.

"பேசினேன் சார்."

அந்த இரண்டு சொல்லை ஃப்ளோரன்ஸ் ஊகித்துத்தான் தெரிந்துகொண்டாள். உதடு சரியாகப் பிரியவே இல்லை. அந்த வாய் அப்படிக் குவிந்து சுருங்கி அவள் பார்த்ததில்லை.

வாயை மூடிக்கொண்டு இரு என்று ஃப்ளோரன்ஸின் உள்ளே ஒன்று கெஞ்சியது. வீட்டு வாடகை, அக்கா, ஊரார் சிரிப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் இந்தப் பெண்ணை வாய் திறக்க வைத்ததைத் தவிர அவள் இத்தனை நாள் இங்கே செய்தது என்ன?

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள். "அவ பேசல. பேசலங்கிறது எனக்குத் தெரியல. எனக்குக் காது கேக்காது சார்."

சுயம்புலிங்கம் அவளையே பார்த்தார். பிறகு மேஜைப் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய தோள் அசைந்தது, ஏதோ சொல்கிறார். ஃப்ளோரன்ஸுக்கு முதுகுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக இப்படி ஒரு முதுகு எதிரே வரும்போதெல்லாம் சும்மா தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறாள்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க சார். மொகம் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்."

அவர் திரும்பினார். எத்தனை நாளாக என்று கேட்டார். இங்கே வந்த முதல் நாளிலிருந்தே என்றாள். அப்போ மார்க்கெல்லாம் எப்படிப் போட்டீங்க என்றார். பானையையும் தண்ணீரையும் வரிசையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. மேஜை இழுப்பறையிலிருந்து மார்க்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, டேப்பை ஆரம்பத்துக்கு ஓட்டி, மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

டேப் சுழன்றது. அவர் விரல் தாளில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. என்ன கேட்கிறார், சரியா தப்பா, ஒன்றும் தெரியவில்லை. அப்போது, கதவோரம் நின்று அவர் தோளுக்குமேல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த சகினா கையை ஆட்டினாள். அவள் வாய் சத்தமில்லாமல் திறந்தது.

தங்கபுஷ்பம். நீங்க எழுதினதேதான் டீச்சர்.

அடுத்தது ரத்னா. அதுவும் சரி. அதற்கடுத்து சகினா கொஞ்சம் தயங்கினாள். ஜவஹர் தப்பு, என்றது உதடு. நாக்கு வெளியே வருது. நல்லாச் சொல்றான்.

ஃப்ளோரன்ஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மாசக்கணக்கில் கண்ணாடி முன் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்த பையன். அன்றைக்குத்தான் அவனுக்கு வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் கேட்காமல் மார்க்கைக் குறைத்திருக்கிறாள். வேலை போவதைவிட இது அவளுக்கு அதிகமாக வலித்தது. மற்றவர்களுக்கெல்லாம் சகினாவின் உதடு, சரி, சரி என்றே சொன்னது. ஃப்ளோரன்ஸ் பாதிதான் பார்த்தாள்.

டேப் தீர்ந்து ஸ்பூல் சும்மா சுற்றியது. சுயம்புலிங்கம் அதை நிறுத்தினார். பால்கனிப் பக்கம் போனார். கீழே அண்ணன்மார் கடையை எட்டிப் பார்த்தார். பெற்றோர் கூட்டம், ஒலிபெருக்கி, காது கேளாத டீச்சர் என்று அவர் மனசில் ஓடுவதெல்லாம் ஃப்ளோரன்ஸுக்கு அவர் பின்கழுத்திலேயே தெரிந்தது. திரும்பி வந்து மேஜை முன் நின்றார்.

"ஜவஹருக்கு மார்க்க ஏத்திப் போடுங்க சார்," என்றாள். போகிறதற்குமுன் அதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கிளார்க் நின்று அழுத அதே இடத்தில் ஃப்ளோரன்ஸ் நின்றுகொண்டிருந்தாள். முதலாளியின் வாயைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டில் ஒரு சொல்தான் வரும். போங்க என்றால் முதலில் இரண்டு உதடும் ஒட்டும். ஒட்டினால் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட வேண்டியதுதான். மீதியைப் பார்க்கத் தேவையில்லை.

சுயம்புலிங்கம் அவள் முகத்துக்கு நேராக வந்தார். உதடு அசைந்தது, ஒட்டவில்லை. எம்.ஏ. படித்தும் வராத ஒன்று அவருக்கு அப்போது வந்தது. மேல்பல் கீழுதட்டில் போய் அழுத்தமாக உட்கார்ந்தது.

"வாங்க," என்றார். "இனிமே டேப்ப நான் கேக்கேன். மொகத்த நீங்க பாருங்க."

ஃப்ளோரன்ஸ் அசையாமல் நின்றாள். புரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டு, அவர் இன்னும் பெரிதாக வாயைத் திறந்து அந்த முதல் சொல்லை இன்னொரு தடவை சொன்னார். அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் நின்றாள்.